இன்ஸ்பெக்டர் கையில் பதினேழு புள்ளிகள்

அவருடைய இடது முன்கையின் உள்பக்கத்தில் பதினேழு பச்சைப் புள்ளிகள் இருந்தன. பதினாறு என்று எங்கள் ஹெட் கிளார்க் கடைசிவரை சொல்லிவந்தார். அது தவறு. மணிக்கட்டிலிருந்து மேல்நோக்கி இரண்டு வரிசை, வரிசைக்கு எட்டு, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. பதினேழாவது, வரிசையில் சேராமல் முழங்கை மடிப்புக்குக் கீழே தனியாக இருந்தது. ஹெட் கிளார்க் அதைக் கணக்கில் சேர்க்காததற்குக் காரணம் உண்டு, பிறகு சொல்கிறேன்.

அவர் எங்கள் பஞ்சாயத்து போர்டின் சானிட்டரி இன்ஸ்பெக்டர். திண்டுக்கல்லிலிருந்து செம்பட்டி வழியாகப் பழனிக்குப் போகிற சாலையில் இருந்தது எங்கள் ஊர். ஊரின் பெயரையும் அவருடைய பெயரையும் எழுதப்போவதில்லை. ஐம்பதுகளின் நடுவில் நான் அங்கே கிளார்க்காகச் சேர்ந்தேன். அவரோடு ஏழு வருடமும் சில மாதங்களும் வேலை பார்த்தேன். அந்த மாதங்கள் ஐந்தா ஆறா என்று நேற்று முழுக்க யோசித்தும் நிச்சயப்படவில்லை. இதற்காக இரவு தூக்கம் கெட்டது.

நான் சேர்வதற்கு முந்தைய வருடம் ஊர்த் திருவிழாவில் காது குத்திய ஒரு பெண்குழந்தைக்குச் சீழ் பிடித்து, காய்ச்சல் கண்டு, பன்னிரண்டாம் நாள் இறந்துபோயிருந்தது. அதன்பிறகு போர்டு கூடி விதி போட்டது. காது குத்துபவர், மூக்கு குத்துபவர், பச்சை குத்துபவர் எவரானாலும் எங்கள் எல்லைக்குள் தொழில் செய்ய ஆபீசில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆறு பிரிவுகள், இரண்டு பக்கம். ஊசியை இருபது நிமிடம் கொதிக்கவைக்க வேண்டும் என்பது மூன்றாவது பிரிவு. ஐந்தாவது பிரிவு இப்படி இருந்தது: ‘சுகாதார அதிகாரி நேரில் பரிசோதித்துத் திருப்தி அடைந்த பின்பே சான்று வழங்கப்படும்.’

வேறு யாராக இருந்தாலும் ஊசியை ஒருமுறை வெயிலில் தூக்கிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இவர் ‘திருப்தி’ என்ற சொல்லில் நின்றுவிட்டார். அவர் ஒட்டன்சத்திரத்துப் பக்கத்துக்காரர். அபராதம் போடுகிற ஆளிடம்கூட ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்.

“தண்ணி கொதிக்கறத மட்டும் பாத்தா எனக்குத் திருப்தி வருமாங்க தம்பி? குத்துன தோலு சொல்லோணும்ங்க.”

அதனால் பதிவுக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் தன் கையை நீட்டினார். பச்சை குத்துகிறவர் அவர் கையில் ஒரே ஒரு புள்ளி வைக்க வேண்டும். பத்து நாள் காத்திருப்பார். பதினோராம் நாள் காலை என் மேஜைக்கு வந்து, சட்டைக் கையை மடித்து, ரிஜிஸ்டரின் மேல் கையை வைப்பார். நான் குனிந்து பார்த்து, “புண் இல்லை, வீக்கம் இல்லை, சீழ் இல்லை” என்று மூன்று கட்டங்களில் எழுதுவேன். நாலாவது கட்டத்தில் அவர் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுவார். இப்படி ஒரு பரிசோதனையை விதி கேட்கவில்லை என்று ஹெட் கிளார்க் இரண்டு முறை எடுத்துச் சொன்னார். “வேற எப்படித் திருப்தி அடையறதுன்னும் விதி சொல்லலையேங்க” என்றார் இவர்.

பியூன் வேலுவுக்கு வாய் அடங்காது. “புள்ளியெல்லாம் வச்சாச்சு. கோடு எப்ப சார் இழுப்பீக? மார்கழி வேற வருது” என்பான். இன்ஸ்பெக்டர் சிரிக்காமல் கையைப் பார்த்து, “இன்னும் எடம் இருக்குதுங்க வேலு” என்பார்.

காது குத்தும் ஆசாரிகள் ஐந்து பேர் பதிந்திருந்தார்கள். அவர்களுக்குக் கை உதவாது. ஆகவே காது. இடது காதில் மூன்று, வலது காதில் இரண்டு. ஐந்தும் பின்னால் தூர்ந்து சின்னத் தழும்பாகிவிட்டன. முதல் ஆசாரி வந்த அன்று நான் உடன் இருந்தேன். வயதான மனிதர், நல்ல வாய்க்காரர். இன்ஸ்பெக்டர் காதைக் காட்டியதும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

“சார், எங்க தொழில்ல ஒரு மொற இருக்கு. காது குத்துனா மாமன் மடியில உக்கார வச்சுத்தேன் குத்தணும். நீங்க யாரு மடியில உக்காருவீக?”

வாசலில் நின்ற நாலு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். இன்ஸ்பெக்டர் அந்தக் கேள்வியை மரியாதையாக எடுத்துக்கொண்டு சிறிது யோசித்தார்.

“ஸ்டூலு போதுமுங்க” என்றார்.

இந்தக் குணம் காது, கையோடு நிற்கவில்லை. குடிதண்ணீர்த் தொட்டியைக் கழுவியாயிற்று என்று ஆள் வந்து சொன்னால் அவரே ஏணி வைத்து உள்ளே இறங்குவார். ஒருமுறை எனக்கு அம்மை போட்டிருந்தது. லீவு லெட்டர் கொடுத்தனுப்பினேன். அம்மை என்றால் அவர் சான்று வேண்டும். மறுநாள் மத்தியான வெயிலில் மூன்று மைல் சைக்கிள் மிதித்து எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். வாசலில் நின்று என் முகத்தைப் பார்த்தார். “கண்ணுல பாக்காம கையெழுத்துப் போட முடியலைங்க, தப்பா நெனைக்காதீங்க” என்றார். நான் தப்பாகத்தான் நினைத்தேன். என்னைச் சந்தேகப்பட்டு வந்ததாக நினைத்து முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். அம்மா மோர் கொடுத்தாள். இரண்டு டம்ளர் குடித்தார். பார்த்து முடிக்க ஒரு நிமிடம் போதும். முக்கால் மணி நேரம் இருந்தார். எங்கள் மாட்டைப் பற்றி அம்மாவிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்.

அவருக்கு யார் இருந்தார்கள் என்று நான் கேட்டதில்லை. தபால் பிரிக்கிறவன் நான். ஏழு வருடத்தில் அவர் பெயருக்கு வந்த சொந்தக் கடிதங்கள் நாலு. நாலும் ஒரே கையெழுத்து. மெஸ்ஸில் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமைகளிலும் ஆபீசைத் திறந்து உட்கார்ந்திருப்பார் என்று வேலு சொல்வான்.

ஒரு வருடம் பேட்டரி மிஷினோடு ஒரு இளைஞன் வந்தான். மதுரையிலிருந்து வருவதாகச் சொன்னான். ஒற்றைப் புள்ளி என்றதும் அவனுக்குக் கௌரவக் குறைச்சலாகப் போய்விட்டது.

“இது என்ன சார், மிஷின வச்சுக்கிட்டு புள்ளி வைக்கிறதா? பேரு போடுறேன் சார், அஞ்சு நிமிசம். யாரு பேரு போடட்டும்?”

மிஷின் கிர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. அவன் மறுபடியும், “சொல்லுங்க சார், வீட்ல யாரு பேராச்சும்” என்றான்.

“பேரெல்லாம் வேணாமுங்க. ஊசி உள்ள போனாப் போதும்.”

அது பன்னிரண்டாவது புள்ளி.

இப்போது பதினேழாவது புள்ளிக்கு வருகிறேன். அறுபதுகளின் தொடக்கம், ஒரு மார்கழி மாதம். எரியோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெண் பதிவு கேட்டு வந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு முன்கைகளிலும் வேல், மயில், தேள், மூன்று வகைக் கோலம் என்று இடமே இல்லாமல் பச்சை. வருகிறவர்கள் அவள் கையைப் பார்த்துத்தான் தங்களுக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுப்பார்கள். புருஷன் போய் இரண்டு வருடம் ஆகிறது என்றாள். தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்து போகிறவர்கள் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் தங்கிப் போவார்கள். பூசத்துக்கு முந்தைய எட்டு நாள் கூட்டம் நிற்காது. அந்த எட்டு நாள் கரையில் உட்கார இடம் கிடைத்தால் பாதி வருடத்துச் சாப்பாடு அவளுக்கு நிச்சயம். சான்று இல்லாவிட்டால் வேலுவே போய் எழுப்பிவிடுவான்.

இன்ஸ்பெக்டர் இருபது நிமிடம் கைக்கடிகாரத்தைப் பார்த்து நின்று, கையை நீட்டினார். அவள் புள்ளி வைத்தாள். மூன்றாம் நாள் சிவந்தது. ஐந்தாம் நாள் வீங்கியது. எட்டாம் நாள் என் மேஜைக்கு வந்து கையை வைத்தார். நான் பார்த்தேன். மூன்று கட்டங்களிலும் எதிராகத்தான் எழுத வேண்டியிருந்தது.

“எழுதாதீங்க தம்பி. இன்னும் ரெண்டு நாள் இருக்குதுங்க” என்றார்.

பதினோராம் நாள் அவள் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றாள். இன்ஸ்பெக்டர் கையைக் காட்டினார்.

“அய்யா, இது என் ஊசியால வந்ததில்ல. நான் ஆயிரம் கையைப் பாத்தவ. ஊசி கெட்டதுன்னா என் கையில்ல மொதல்ல அழுகியிருக்கணும்?”

“உங்க கை உங்க ஊசிக்குப் பழகிருக்குமுங்க.”

“அப்ப இன்னொரு தடவ குத்திக்கிட்டுப் பாருங்க.”

அவர் உடனே ஒப்புக்கொண்டிருப்பார். ஆனால் அதற்கு முந்தின நாள்தான் திண்டுக்கல் பெரியாஸ்பத்திரிக்குப் போய்வந்திருந்தார். சிறுநீரில் சர்க்கரை இறங்குகிறது என்று சொல்லியிருந்தார்கள். சில மாதமாகவே மத்தியானத்துக்குள் அவர் ஒன்பது டம்ளர் தண்ணீர் குடிப்பதை நான் எண்ணியிருந்தேன். எண்ணினேனே தவிர என்னவென்று கேட்கவில்லை.

அவள் போனபின் என்னிடம் சொன்னார்: “இனி என் தோலு சொல்றத நம்ப முடியாதுங்க. தப்பு ஊசியிலயா என் ஒடம்புலயான்னு தெரியல. திருப்தின்னு எழுதுனாப் பொய்யி. இல்லைன்னு எழுதுனா அதுவும் பொய்யாப் போகலாம். வேற ஒரு கை வேணுமுங்க.”

தைப்பூசத்துக்கு அப்போது இருபத்து மூன்று நாள் இருந்தது. பத்து நாள் காத்திருப்பு, எட்டு நாள் கூட்டம். மிச்சம் ஐந்து நாள். அதற்குள் ஒரு கை கிடைத்தால் அவளுக்கு எட்டு நாளும் கிடைக்கும்.

ஆபீசில் அவரைத் தவிர ஏழு பேர் இருந்தோம். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்து கேட்டார். ஹெட் கிளார்க், மகளுக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருப்பதாகவும், பச்சை குத்திய கையோடு சம்பந்தி வீட்டில் போய் உட்கார முடியாது என்றும் சொன்னார். வேலு தன் கையைத் திருப்பிக் காட்டினான்.

“இங்ஙன ஏற்கெனவே தேளு இருக்கு சார். பக்கத்துல புள்ளி வச்சா தேளு முட்ட போட்டாப்ல இருக்கும். ஊரே சிரிக்கும்.”

“கால்ல வச்சுக்கலாமுங்களே.”

“கால்ல சாமி கும்புட்டுருக்கேன் சார்” என்றான். அதற்கு என்ன பொருள் என்று எங்கள் யாருக்கும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

என்னிடம் கடைசியாக வந்தார். என் பதில் தயாராக இருந்தது. “சர்வீஸ் புத்தகத்தில் அங்க அடையாளம் இரண்டு மச்சம் என்று எழுதியிருக்கிறது சார். புள்ளி வைத்தால் மூன்றாகும். திருத்துவதற்கு மேலிடத்து உத்தரவு வேண்டும்.” நான் சொன்னது விதிப்படி சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் அதை நம்பினார். விதி என்று சொன்னால் அவர் நம்பிவிடுவார் என்பது எனக்குத் தெரியும்.

அந்தப் பெண் ஐந்து முறை வந்தாள். ஐந்தாம் முறை இன்ஸ்பெக்டர் இல்லை. காய்ச்சல் கண்டு, கை முழங்கைவரை வீங்கி, திண்டுக்கல் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தார். ஃபைலை அப்படியே வைக்கும்படியும், தனக்குப் பதில் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றும் வேலுவிடம் சொல்லியனுப்பியிருந்தார். நான் அதை அவளிடம் சொன்னேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே இருந்த மேஜைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“இம்புட்டுப் பேரு இருக்கீக. ஒரு கை இல்லையா?” என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். விசாரிக்கிற மாதிரிக் கேட்டாள்.

அன்று பூசத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. எட்டு நாளும் கிடைக்கிற காலம் கடந்துவிட்டது. மறுநாள் தாண்டினால் ஒரு நாளும் கிடைக்காது. சாயங்காலம் ஆபீஸ் விட்டதும் கண்மாய்க்கரைக்குப் போனேன். மனம் இளகிப் போனேன் என்று எழுத ஆசைதான். ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேரே நாலு கட்டங்கள் காலியாகக் கிடந்தன. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, மேல்கையின் உள்பக்கத்தைக் காட்டினேன். அரைக்கைச் சட்டை போட்டாலும் வெளியே தெரியாத இடம்.

“இங்க ஒரு புள்ளி. சின்னதா.”

அவள் என்னைப் பார்த்தாள். “பெரிசா வச்சா மட்டும் வேலைய விட்டுத் தூக்கிருவாகளாக்கும்” என்றாள். பிறகு மூட்டையைப் பிரித்தாள்.

மூன்று கல்லை வைத்துத் தீ மூட்டி, ஊசிக்கட்டைக் கொதிக்கவைத்தாள். என் கடிகாரத்தில் இருபது நிமிடம் பார்த்தேன். கொட்டாங்குச்சியில் விளக்குக் கரியும் பச்சிலைச் சாறும் குழைத்திருந்தது. “வலிச்சா எண்ணுங்க சாமி, எல்லாருக்கும் அதத்தேன் சொல்றது” என்றாள். எனக்கு அதைச் சொல்லத் தேவையில்லை. பதினான்கு குத்து.

“அய்யாவுக்கு எத்தனை?” என்று கேட்டேன்.

“அவரு எண்ணல. நான் குத்தக் குத்த என் மொகத்தையே பாத்துக்கிட்டிருந்தாரு. இந்த ஊரு புடிச்சிருக்கா, தங்க எடம் இருக்கா, சாப்புட்டாச்சான்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. அதுக்குள்ள வேல முடிஞ்சிருச்சு. ‘அதுக்குள்ளயுமா’ன்னாரு.”

பத்து நாளும் காலையும் மாலையும் பார்த்தேன். புண் இல்லை, வீக்கம் இல்லை, சீழ் இல்லை. பத்தாம் நாள் மதியம், அதற்குமேல் காத்திருந்தால் அவளுக்கு மிச்சமிருக்கும் இரண்டு நாளில் ஒன்று போய்விடும் என்பதால், ரிஜிஸ்டரைத் துணியில் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். பதினோராம் நாள் பார்ப்பதுதான் வழக்கம். ஒரு நாள் குறைவதை அவர் ஏற்பாரா என்ற கவலை செம்பட்டி தாண்டுகிறவரை இருந்தது.

வார்டில் இடப்பக்கம் ஏழாவது கட்டில். பாதியாகப் போயிருந்தார். கட்டுப்போட்ட கை ஒரு தலையணைமேல் கிடந்தது. என்னைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றார். “சும்மா பாக்க வந்தீங்களா?” என்று கேட்டார். நான் அவசரமாக ரிஜிஸ்டரைப் பிரித்து, சட்டையை விலக்கிக் கையைக் காட்டினேன். அவருக்கு விளங்கச் சற்று நேரம் ஆயிற்று.

“சர்வீஸ் புத்தகத்துல திருத்தோணுமேங்க?”

“திருத்திக்கொள்ளலாம் சார்.”

வலது கையால் என் கையைப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். கட்டைவிரலால் புள்ளியைத் தடவினார். சுற்றிலும் அழுத்திப் பார்த்தார். வலிக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். நான் மூன்று கட்டங்களை எழுத, அவர் நாலாவதை எழுதினார். கையெழுத்து கோணலாக வந்தது. பத்தாம் நாள் என்று பக்கத்தில் குறிப்பும் எழுதவைத்தார். “அந்தம்மாகிட்ட நான் மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுங்க” என்றார்.

எழுதி முடித்ததும் பேனாவை வைத்துவிட்டு மறுபடியும் என் கையைப் பிடித்துக்கொண்டார். இன்னொரு முறை பார்க்கப் போகிறார் என்று நினைத்துச் சட்டையை விலக்கினேன். அவர் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பிடித்திருந்தார். பரிசோதனை முடிந்த பிறகு ஒருவர் கையை எதற்குப் பிடித்திருக்க வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. எதிர்க்கட்டிலில் இருந்தவர் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கூச்சமாக இருந்தது. சுவர்க்கடிகாரத்தில் நாலு நிமிடம் ஓடியது. நாலேகால் பஸ்ஸை விட்டால் அடுத்தது ஆறு மணிக்குத்தான்.

“பஸ்ஸுக்கு நேரமாச்சு சார்” என்று கையை இழுத்துக்கொண்டேன். “வர்ற ஞாயித்துக்கிழமை வாரேன்.”

“வாங்க, வாங்க” என்றார்.

சான்றை அன்று மாலையே அவளிடம் கொடுத்தேன். எட்டில் இரண்டு நாள் அவள் கரையில் உட்கார்ந்தாள். பழனிக்குப் போகிறவர்கள் வரிசையில் நின்று கையில் வேல் பச்சை குத்திக்கொண்டு போனார்கள் என்று வேலு வந்து சொன்னான். பதினேழாவது சான்றைக் கொடுத்தது என் கையில் இருந்த புள்ளிக்காகத்தானே, அவர் கையில் ஆறாமல் போனதற்காக இல்லையே என்பது ஹெட் கிளார்க்கின் வாதம். பதினாறு என்று அவர் சொல்வது அதனால்தான்.

இன்ஸ்பெக்டர் அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து வரவில்லை. செய்தி வந்த மறுநாள் அந்தப் பெண் ஜன்னலுக்கு வந்தாள். பூசம் முடிந்த பிறகு அவரைப் போய்ப் பார்த்தாளாம், இரண்டு தடவை.

“ரெண்டு தடவையும் ஒங்களத்தேன் சொன்னாரு சாமி. இந்த ஞாயித்துக்கெழம தம்பி வாரேன்னுருக்காருன்னாரு. அடுத்த தடவ போனப்பவும் அதையேதேன் சொன்னாரு.”

நான் பார்த்துவிட்டு வந்த பிறகு அவர் அங்கே இருந்தது இருபத்திரண்டு நாள். அதில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள். மூன்றும் எனக்கு விடுமுறை.